எத்தனை பாட்டு என்று யார் எண்ணியது?

("அதிகப் பாடல்களைப் பதிவு செய்தவர் யார்?" என்ற தலைப்பில் அலோர்ஸ்டாரில் பதிவான தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் நிகழ்ச்சி நெறியாளர் ஆற்றிய நிறைவுரை.)



வழக்கமாக நான் கேள்வி கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்பவள். இன்று மூன்று அணியினரும் சேர்ந்து, "நீங்களும் ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்" என்று பிடித்துக்கொண்டார்கள். எஸ்.பி.பாலசுப்ரமணியம் அணியில் இளைஞர்கள், டி.எம்.சௌந்தரராஜன் அணியில் அவர்களுடைய அப்பாக்கள், பி.சுசீலா அணியில் பெரும்பாலும் தாய்மார்கள். யார் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் இரண்டு பக்கம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

தீர்ப்புக்கு முன்னால் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தலைப்பே அந்தத் தவறிலிருந்து பிறந்ததுதான்.

சில மாதங்களுக்கு முன் வேறொரு நிகழ்ச்சியில் எஸ்.பி.பி. பாட்டு ஒன்றை அறிமுகப்படுத்தும்போது, "நாற்பதாயிரம் பாடல்கள் பாடிய சாதனையாளர்" என்று சொன்னேன். எல்லாரும் சொல்கிறார்கள், நானும் சொன்னேன். மறுநாள் அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. மெர்கோங்கிலிருந்து ஒரு பெரியவர். பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் மெர்கோங் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பதால் இப்போது மகன் வீட்டோடு இருக்கிறார்.

"ஏம்மா, நாப்பதாயிரம்னு சொன்னியே, அதுக்குச் செக்ரோல் இருக்கா?" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். விடியற்காலையில் பெரட்டுக்கு வந்து பேர் கொடுத்து, அது செக்ரோலில் ஏறினால்தான் அன்றைய சம்பளம். வேலை செய்திருந்தும் பேர் ஏறவில்லையென்றால் மாதக் கடைசியில் கையில் காசு வராது. முப்பது வருடம் அந்தப் புத்தகத்தை எழுதியவர் பேச்சுக்கெல்லாம் மயங்குவாரா?

"எஸ்.பி.பி. மொத மொத எப்பம்மா பாடினாரு?" என்று கேட்டார். 1966 இல், தெலுங்குப் படத்தில் என்றேன். காலமானது 2020 செப்டம்பர் 25. "அம்பத்து நாலு வருசம். வருசத்துக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளு. ஏறக்குறைய இருபதாயிரம் நாளு வருது. நாப்பதாயிரம் பாட்டுன்னா, ஞாயித்துக்கிழமை, தீபாவளி, காய்ச்சல், கச்சேரிக்கு வெளியூர் போன நாளு எதையும் விடாம தினம் ரெண்டு பாட்டு. பாடியிருந்தா சந்தோசம்தான். யாரு எண்ணினாங்கன்னு மட்டும் சொல்லு" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. தகவல் தொடர்புத் துறையில் டிப்ளோமா வாங்கியபோது எந்தத் தகவலுக்கும் மூலம் எது என்று கேட்கத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். ஒலிவாங்கி கைக்கு வந்ததும் அதை மறந்துவிட்டேன். ஆகவே தேடத் தொடங்கினேன்.

தேடினால் இந்தச் சண்டை நம் சண்டையே அல்ல, அதற்கு ஐம்பது வயது ஆகிறது! தமிழிலும் தொடங்கவில்லை. 1974 ஆம் ஆண்டுக் கின்னஸ் புத்தகத்தில், உலகிலேயே அதிகப் பாடல்களைப் பதிவு செய்தவர் என்று லதா மங்கேஷ்கரின் பெயர் வந்தது. 1948 முதல் 1974 வரை 25,000 பாடல்களுக்குக் குறையாது என்று போட்டார்கள். முகமது ரஃபி இதை ஏற்றுக்கொள்ளவில்லை. தாம்தான் அதிகம் பாடியவர் என்று 1979 இல் கின்னஸ்காரர்களுக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு ஜூலை 31 ஆம் தேதி அவர் மறைந்தார். பிறகு வந்த 1984 பதிப்பில் லதாவின் பெயரோடு, ரஃபி 28,000 பாடல்கள் பாடியதாக உரிமை கொண்டாடினார் என்றும் சேர்த்துப் போட்டார்கள். 1991 இல் இரண்டையுமே எடுத்துவிட்டார்கள்.

ஏன் எடுத்தார்கள்? கிராணி ஐயா போட்ட அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 26 ஆண்டுகளில் 25,000 என்றால் ஆண்டுக்கு 960 பாடல்கள். அந்தக் காலத்தில் ஆண்டுக்கு நூற்றுச் சொச்சம் இந்திப் படங்கள்; படத்துக்கு ஏழெட்டுப் பாட்டு என்றே வைத்துக்கொள்வோம். மொத்தத்தையும் கூட்டினாலும் ஆயிரத்தைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கும். அப்படியானால் ஆஷா போன்ஸ்லே எதைப் பாடினார்? கீதா தத் எதைப் பாடினார்? ரஃபியும் கிஷோர் குமாரும் தனியாகப் பாடியதெல்லாம் எந்தக் கணக்கில்? மற்ற மொழிப் பாடல்களைச் சேர்த்தாலும் அந்தப் பள்ளம் நிரம்பாது. கான்பூரைச் சேர்ந்த ஹர்மந்திர் சிங் 'ஹம்ராஸ்' என்பவர் ஒவ்வொரு இந்திப் படத்தின் பாடல்களையும் பாடியவர் பெயரோடு வரிசையாகத் தொகுத்து, 'ஹிந்தி ஃபிலிம் கீத் கோஷ்' என்று பல தொகுதிகள் வெளியிட்டார். இப்படிப் படம் படமாக எண்ணியபோது ரஃபியின் பாடல்கள் ஏறக்குறைய ஐயாயிரத்தில் நின்றன. லதாவின் இந்திப் பாடல்களும் ஐயாயிரத்துச் சொச்சம்தான்.

இதைக் கேட்டதும் லதாவின் பெருமை குறைந்துவிட்டதாக நினைக்கக்கூடாது. ஐயாயிரம் பாட்டு என்பது என்ன, சின்ன விஷயமா? தினம் ஒன்று வீதம் கேட்டால் கேட்டு முடிக்கவே பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். உண்மையான எண்ணே மலைப்பாக இருக்கும்போது அதை ஐந்து மடங்காக்க வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

தோட்டத்தில் பால் நிறுக்கும்போது வெறும் எடையை மட்டும் பார்த்துக் காசு கொடுப்பதில்லை. பாலில் ஒரு மிதவைக் குழாயை விட்டு, எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று பார்ப்பார்கள். யாராவது வாளியில் தண்ணீர் ஊற்றியிருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். கிராணி ஐயா என்னிடம், "பாட்டுக் கணக்குலயும் கொழா விட்டுப் பார்க்கணும்மா" என்றார்.

எங்கெங்கே தண்ணீர் கலக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே மெட்டை ஒருவர் தமிழிலும் தெலுங்கிலும் பாடினால் அது ஒரு பாட்டா, இரண்டா? நான் இரண்டு என்பேன். இரண்டு முறை நின்று பாடியிருக்கிறார். பல்லவியை மட்டும் சோகமாக இரண்டாம் முறை பாடுகிறார்களே, அது? விளம்பரத்துக்குப் பாடிய அரை நிமிடம்? கோயில் கேசட்டுகள்? மேடையில் பாடி யாரோ பதிவு செய்து விற்றவை? இவற்றில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முதலில் முடிவு செய்யாமல் சொல்லப்படும் எண்ணெல்லாம் வாய்க்கு வந்த எண்தான். யேசுதாஸுக்கு ஐம்பதாயிரம் என்கிறார்கள். டி.எம்.எஸ்ஸுக்குப் பத்தாயிரம் என்கிறார்கள். எல்லாமே எப்படி முழு ஆயிரத்தில் முடிகிறது பாருங்கள். எண்ணியவன் கணக்கு அப்படி முடியாது.

இந்த இடத்தில் எஸ்.பி.பி. அணித் தம்பி ஒருவர் எழுந்து நல்ல வாதம் ஒன்றை வைத்தார். 1981 பிப்ரவரி 8 ஆம் தேதி, இசையமைப்பாளர் உபேந்திர குமாருக்காக ஒரே நாளில் 21 கன்னடப் பாடல்களை எஸ்.பி.பி. பதிவு செய்தார் என்று சொல்லப்படுவதை எடுத்துக்காட்டி, "அப்படிப்பட்டவருக்குத் தினம் இரண்டு பாட்டு ஒரு பொருட்டா?" என்று கேட்டார். கைத்தட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன். ஆனால் முன் வரிசையில் அமர்ந்திருந்த கிராணி ஐயா எழுந்து சொன்ன பதிலையும் நீங்கள் கேட்டீர்கள். "தம்பி, நல்லாப் பால் எறங்குற மாசத்துல ஒரு நாள் எடையைப் பார்த்துட்டு வருசக் கணக்கை எழுதக்கூடாது. எலை உதிர்ற மாசமும் வரும்ல?" நம் கெடாவில் ஆண்டுத் தொடக்கத்து வெயிலில் மரமெல்லாம் மொட்டையாகி, பால் குறைந்து, சம்பளமும் குறைந்து கிடந்த மாதங்களை அறிந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தீர்கள்.

எஸ்.பி.பி. நாற்பதாயிரம் பாடவே இல்லை என்று நான் சொல்லவில்லை. நாற்பதாயிரத்துக்கும் பட்டியல் இல்லை என்று மட்டுமே சொல்கிறேன். ஒருநாள் யாராவது உட்கார்ந்து எழுதி முடித்தால் அவரே முதலாவதாக வரலாம். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி என்று அத்தனை மொழியிலும் அரை நூற்றாண்டு பாடியவர். வர வாய்ப்பு உண்டு.

பட்டியலோடு வந்தவர் ஒருவர் இருக்கிறார். தாய்மார்கள் அணி கவனிக்கவும். 2011 இல் ஆஷா போன்ஸ்லேவைப் பதினோராயிரம் வரையிலான பாடல்களோடு கின்னஸ் அங்கீகரித்தது. ஐந்தே ஆண்டுகளில் அதை முந்தினார் நம் சுசீலா அம்மா. 2016 இல் அவர் பெயரில் ஏறிய எண் 17,695. தனிப்பாடல், இணைப்பாடல், குழுவினரோடு பாடியது எல்லாம் சேர்த்து, ஆறு மொழிகளில், 1960கள் தொட்டு. எஸ்.பி.பி.யோடு சேர்ந்து பாடியவை மட்டும் 1,336. இந்த எண்களைப் பாருங்கள். பதினெட்டாயிரம் என்று சுற்றிவளைத்துச் சொல்லவில்லை. 17,695. இதுதான் எண்ணியவன் எழுதும் எண்.

எண்ணியது யார் தெரியுமா? பெரிய நிறுவனமோ அரசாங்கமோ அல்ல. அவருடைய ரசிகர்கள்தாம். படத்தின் பெயர், ஆண்டு, இசையமைப்பாளர், உடன் பாடியவர் என்று ஒவ்வொன்றாகத் தேடி எழுதியிருக்கிறார்கள். பிடித்த பாடகிக்கு மாலை போடுவார்கள், கோயிலில் அர்ச்சனை செய்வார்கள், இவர்கள் செக்ரோல் எழுதினார்கள்.

இந்த எண்ணையும் நான் கிராணி ஐயாவின் குழாயை விட்டுப் பார்த்தேன், விட்டுவிடவில்லை. ஐம்பத்தாறு ஆண்டுகளில் 17,695 என்றால் ஆண்டுக்குச் சராசரி 316. ஆனால் அவர் அதிகமாகப் பாடியது முதல் முப்பது ஆண்டுகளில். அப்போது ஆண்டுக்கு ஐந்நூறுக்கு மேல் போயிருக்க வேண்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என நான்கு மொழிப் படங்களுக்கும் சென்னையில் ஒலிப்பதிவு நடந்த காலம் அது. காலையில் ஒரு ஸ்டூடியோ, மாலையில் இன்னொன்று என்று அவர் ஓடியிருந்தால் முடியக்கூடிய எண்தான். எளிதான எண் அல்ல.

ஏன் எளிதல்ல என்பதை இளைஞர்களுக்குச் சொல்லியாக வேண்டும். 1953 இல் 'பெற்ற தாய்' படத்தில் சுசீலா பாடத் தொடங்கிய காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் ஒன்றாக இருந்து பதிவு செய்ய வேண்டும். நாற்பது பேர் வாசிக்கிறார்கள். கடைசிச் சரணத்தில் ஒரு வயலின் பிசகினால் போதும், பாடகி முதலிலிருந்து பாட வேண்டும். அவர் மீது தவறே இருக்காது. ஒரு பாட்டுக்கு அரை நாள், சில சமயம் முழு நாள். பின்னால் பல தடங்களில் தனித்தனியாகப் பதிவு செய்யும் வசதி வந்தது. இசை தனியாக முடிந்துவிடும். பாடகர் தனியாக வந்து பாடிவிட்டுப் போகலாம். ஒரு வரி தவறினால் அந்த வரியை மட்டும் திரும்பப் பாடலாம். ஒரே நாளில் பல பாட்டு என்பது அப்புறம்தான் சாதாரணமானது. இதைக் கேட்டுத்தான் டி.எம்.எஸ். அணி அப்பாக்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 1950 இல் 'கிருஷ்ண விஜயம்' படத்தில் தொடங்கிய அவருடைய உச்சக் காலம் முழுக்க அந்தப் பழைய முறையில்தான். ஆகவே டி.எம்.எஸ்ஸின் ஒரு பாட்டையும் 1990களின் ஒரு பாட்டையும் ஒரே தராசில் வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவது சரியா என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

இடையில் ஒரு மாணவர், "பீட்டில்ஸ் எத்தனை?" என்று கேட்டார். இருநூற்றுச் சொச்சம், தம்பி. நம் பினாங்கில் பிறந்த பி.ரம்லி பாடியவை சில நூறு. அவர் 1973 இல் போய்விட்டார். இன்றும் இந்த நாட்டில் அவர் பாட்டு ஒலிக்காத நாளில்லை. எனவே எண்ணிக்கையை வைத்துத்தான் பெருமை என்று யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம். இன்றைய தலைப்பு எண்ணிக்கை; அதனால் எண்ணினோம், அவ்வளவுதான்.

ஆக, என் தீர்ப்பு: கையில் கணக்கு வைத்திருப்பவர்களில் முதலிடம் பி.சுசீலாவுக்கு. மற்றவர்களின் ரசிகர்கள் கோபித்துக்கொள்வதை விட்டு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையில் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் என்று ஒருவர் இருந்தார். தமிழ்ப் படங்களைப் பற்றிய தகவல்களை வாழ்நாள் முழுக்கத் தனி ஆளாகச் சேர்த்தார். 2004 இல் அது 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்று புத்தகமாக வந்தது. சுசீலா அம்மாவின் சாதனை அறிவிக்கப்பட்ட அதே 2016 மார்ச் மாதத்தில்தான் ஆனந்தன் காலமானார். அவரைப் போன்றவர்கள் இல்லையென்றால் நாம் இங்கே விவாதம் செய்ய ஒரு தேதி கூடக் கிடைத்திருக்காது.

தீர்ப்போடு என் வேலை முடிந்தது. ஆனால் கிராணி ஐயாவின் வேலை முடியவில்லை.

இந்த நிகழ்ச்சிக்கு அழைப்பதற்காக மெர்கோங்கில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பசியாறிக்கொண்டிருந்தபோது உள்ளே போய் ஒரு கேசட்டை எடுத்து வந்தார். 1990களின் தொடக்கத்தில் அவருடைய தோட்டத்துப் பையன்கள் சேர்ந்து போட்ட ஆல்பம். பால் வெட்டுகிறவர்களும், பட்டணத்துத் தொழிற்சாலைக்குப் போய் வருகிறவர்களும் தீபாவளிக்கு வாங்கிய போனஸ் காசைப் போட்டு, கீபோர்டு வாடகைக்கு எடுத்து, பத்துப் பாட்டு சொந்தமாக எழுதி, மெட்டுப் போட்டுப் பாடினார்கள். முந்நூறு பிரதி எடுத்து லயம் லயமாக விற்றார்கள். பாடியவர்களில் ஒருவர் ஐயாவின் தம்பி. இன்று அவர் இல்லை. தோட்டமும் இல்லை, செம்பனைக்கு மாறி, அப்புறம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. இருப்பது இந்த ஒரு கேசட்.

"சுசீலாம்மாவுக்குப் பதினேழாயிரத்துக்கும் செக்ரோல் இருக்குன்னு சொல்லு, சந்தோசம். என் தம்பிக்குப் பத்துதாம்மா. அதுக்கு இல்ல" என்றார்.

எனக்குத் தேநீர் உள்ளே இறங்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். பினாங்கிலிருந்து கிளம்பிய அல்லிகேட்ஸ் குழு டேவிட் ஆறுமுகமும் 2007 இல் மறைந்த லோகநாதன் ஆறுமுகமும் நம் பிள்ளைகள்தான். மலாய் மொழியில் பாடினார்கள், பெரிய நிறுவனங்கள் வெளியிட்டன, ஆகவே அவர்களுடைய ஆல்பங்களைத் தேடினால் கிடைக்கும். 2006 இல் வந்த யோகி பியின் 'வல்லவன்' தமிழ்நாடு வரை போனதால் அதுவும் நிற்கிறது. இவற்றுக்கு நடுவே இந்த நாட்டில் தமிழில் வந்த உள்ளூர்க் கேசட்டுகள் எத்தனை? எத்தனை தோட்டத்து இசைக்குழுக்கள்? திருவிழா மேடையில் பாடிப் பேர் வாங்கி, கடன் பட்டு ஓர் ஆல்பம் போட்டு, அத்தோடு நின்றுபோனவர்கள் எத்தனை பேர்? சென்னைப் பாடகர்களின் கணக்குக்காக இரண்டு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினோம். நம் வீட்டு அலமாரியில் இருப்பதை எண்ணவில்லை.

அந்தக் கேசட்டை நான் கேட்டு வாங்கி வந்தேன். நம் ஊர்ப் புழுக்கத்துக்குக் கேசட் நாடாவில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்துவிடும். அப்படியே ஓடவிட்டால் நாடாவும் போய்விடும், கருவியும் கெட்டுப்போகும். எங்கள் ஒலிப்பதிவாளர் அண்ணன் திருகாணியைக் கழற்றி, நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றி, பஞ்சால் அங்குலம் அங்குலமாகத் துடைத்தார். இரண்டு வாரம் ஆனது. முதல் பக்கத்தின் ஐந்து பாட்டும் நன்றாகவே வந்தன. இரண்டாம் பக்கத்தில் இரண்டுதான் வந்தன. மற்ற மூன்று இடத்திலும் இரைச்சல்தான். நடுநடுவே ஒரு தபேலா கேட்கிறது.

ஏழு பாட்டையும் குறுந்தட்டில் பதிந்து இன்று காலை ஐயாவிடம் கொடுத்தேன். தம்பி பாடியது அந்த ஏழில் மூன்று. அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். பாட்டின் முதல் சொல், பாடியவர் பெயர், எழுதியவர் பெயர், கீபோர்டு வாசித்தவர் பெயர் என்று கோடு போட்டு ஏழு வரி எழுதினார். கிடைக்காத மூன்றுக்கும் எண் மட்டும் போட்டு, எதிரே காலியாக விட்டிருக்கிறார். மீதி இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது கேசட்டில் ஒன்றாவது யார் வீட்டிலாவது கிடக்கும் என்பது அவர் கணக்கு.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள், அடுத்த பதிவும் இதே மண்டபத்தில்தான். தயவுசெய்து வீட்டில் ஓடவிட்டுப் பார்க்காதீர்கள். அப்படியே கொண்டு வாருங்கள். ஐயா வாசலில் மேசை போட்டு உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். பேர் கொடுத்துவிட்டு உள்ளே வாருங்கள்.